அடுத்தவர் தளத்தில் எழுதப் போகும் முன்: ஒரு தையல்கடைக்காரியின் குறிப்புகள்

தையலைப் பற்றி நான் வலைப்பதிவு தொடங்கிய முதல் வருஷம் அதைப் படித்தவர்கள் மூன்றே வகை. என் தங்கை. கடைக்கு வருகிறவர்களில் நான் நச்சரித்து அனுப்பிய சிலர். அப்புறம், 'ப்ளவுஸ் டிசைன்' என்று கூகுளில் தேடி வழிதவறி வந்து, வந்த வேகத்திலேயே ஓடியவர்கள். வாரம் தவறாமல் எழுதினேன், படிக்கிறவர் எண்ணிக்கை இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு பெற்றோர்களுக்கான ஒரு தளத்தில் பள்ளிச் சீருடை பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். அது வந்த மூன்றாம் நாள், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து மின்னஞ்சல். மகனின் பேன்ட் அடிமடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்துவிட்டாராம், பழைய மடிப்புக் கோடு வெளியே தெரிகிறதாம், அதைப் போக்க என்ன வழி என்று கேட்டிருந்தார். வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, அந்தக் கோட்டின் மேல் வைத்து அயர்ன் செய்யச் சொன்னேன். அன்றிலிருந்து இன்றுவரை அவர் என் வாசகி.

அடுத்தவர் தளத்தில் எழுதுவதற்குக் கெஸ்ட் போஸ்ட் என்று பெயர். தமிழுக்கு இது புதிதில்லை. வலைப்பதிவுகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் 'வலைச்சரம்' என்ற தளத்தில் வாரம் ஒரு பதிவர் ஆசிரியர் பொறுப்பேற்று, தான் படித்த மற்ற பதிவுகளை அறிமுகப்படுத்துவார். பல வலைப்பதிவுகளின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டியில், வாரம் ஒரு பதிவரை முன்னிறுத்தும் நட்சத்திர வாரம் இருந்தது. வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் நாலு பேரைத் தெரிந்துகொண்டு வருவதுதான் இரண்டிலும் நடந்தது. இப்போது திரட்டிகளின் காலம் போய்விட்டது, நாமேதான் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் வீடு

தட்டுவதற்கு முன் உங்கள் தளத்தை ஒரு அந்நியரின் கண்ணால் பாருங்கள். கட்டுரை பிடித்துப் போய் ஒருவர் அதிலிருக்கும் சுட்டியை (லிங்க்) தட்டி வருகிறார். கடைசிப் பதிவு எட்டு மாதத்துக்கு முந்தையது, மேலே 'தீபாவளி வாழ்த்துகள்' என்று இருக்கிறது. அவர் ஏன் நிற்கப் போகிறார்?

குறைந்தது மூன்று நல்ல கட்டுரைகள் இருக்கட்டும். உங்களிடம் வருகிறவர் முதலில் கேட்கிற கேள்விக்குப் பதிலாக ஒரு பக்கம் இருக்கட்டும். என்னிடம் அது 'அளவு ரவிக்கை இல்லாமல் அளவெடுப்பது எப்படி' என்ற பக்கம். கடையிலும் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். கடைசியாக, மறுபடி வர ஒரு வழி. ஆங்கில வழிகாட்டிகள் எல்லாம் மின்னஞ்சல் பட்டியல் என்று அடித்துச் சொல்லும். என் அனுபவத்தில் தமிழ் வாசகர்கள், குறிப்பாக நாற்பதைத் தாண்டியவர்கள், மின்னஞ்சலைத் திறப்பதே அபூர்வம். வாட்ஸ்ஆப் சேனலில் சேரச் சொன்னால் உடனே சேர்கிறார்கள். இரண்டையும் வையுங்கள்.

எங்கே எழுதுவது

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். இருப்பதிலேயே பெரிய தளத்தைப் பிடித்து எழுதிவிட்டால் கூட்டம் கொட்டும் என்று நினைக்கிறோம். பெரிய செய்தித் தளத்தில் வந்த என் கட்டுரை அரை நாளில் கீழே போய்விட்டது. படித்தவர்கள் நிறையப் பேர் இருந்திருக்கலாம், என்னைத் தேடி வந்தவர்கள் கைவிரல் எண்ணிக்கை. ஒரு கைத்தறி ஆர்வலர் நடத்தும் சின்னத் தளத்தில் எழுதியது இன்றும் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அங்கே வருகிறவர்கள் துணியைப் பற்றிப் படிக்கவே வருகிறவர்கள்.

அதனால் ஒரு தளத்தைப் பார்க்கும்போது மூன்றைக் கவனிப்பேன். கட்டுரைக்குக் கீழே உண்மையான மனிதர்கள் பேசுகிறார்களா? வெளியார் எழுதியது இதற்கு முன் வந்திருக்கிறதா? எழுதியவரின் பெயரும் அவரைப் பற்றிய குறிப்பும் கட்டுரையோடு இருக்கிறதா, அல்லது எல்லாம் 'அட்மின்' பெயரிலேயே வருகிறதா? மூன்றாவதற்கு 'அட்மின்' என்பது பதிலானால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தமிழில் இணைய இதழ்கள் ஒரு தனி வகை. திண்ணை, சொல்வனம், பதிவுகள் போன்றவை பல வருஷங்களாக வெளியிலிருந்து வரும் எழுத்தை ஏற்று வளர்ந்தவை. சொல்வனம் 2009 முதல் மாதம் இருமுறை வருகிறது, பதிவுகள் கனடாவிலிருந்து வருகிறது. இங்கெல்லாம் 'ப்ளவுஸ் தைக்க 5 டிப்ஸ்' போகாது. ஆனால் தையல் மெஷின் ஒரு தெருவுக்குள் வந்தபோது அந்தத் தெருப் பெண்களின் கையில் முதல்முறையாகக் காசு வந்த கதை போகும். பொருள் ஒன்றுதான், எந்த வீட்டு வாசகருக்குச் சொல்கிறோம் என்பதை வைத்து அது உருமாறும்.

என் தையலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் தளத்துக்கு: சீருடை தைக்கக் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும். வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்களுக்கான தளத்துக்கு: லைனிங் ரவிக்கைக்குக் கூலி எப்படிக் கணக்கிடுவது, ஊக்கு வைப்பதற்கும் கையால் எம்மிங் செய்வதற்கும் தனியாக வாங்கலாமா. மூத்தவர்களுக்கான தளத்துக்கு: தோளைத் தூக்க முடியாதவர்களுக்கு முன்பக்கம் திறப்பு வைத்த நைட்டி. மூன்றும் நான் கடையில் தினமும் பேசுவதுதான். ஒரு தாளை எடுத்து, உங்களுக்குத் தெரிந்த விஷயத்தை நடுவில் எழுதி, அது யார் யாருக்கு எந்த வகையில் உதவும் என்று சுற்றிலும் எழுதிப் பாருங்கள். எந்தத் தளம் என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

தேர்ந்தெடுத்த தளத்தில் கடைசி பத்துக் கட்டுரைகளையாவது படியுங்கள். எவ்வளவு நீளம், 'நீங்கள்' என்கிறார்களா 'நாம்' என்கிறார்களா, ஆங்கிலச் சொற்களை விடுகிறார்களா என்பதெல்லாம் தெரியவரும். நீங்கள் எழுத நினைத்தது ஏற்கெனவே வந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் அனுப்பினேன். "இதே தலைப்பில் இரண்டு வாரம் முன்பு போட்டோமே அக்கா" என்று பதில் வந்தது.

கடிதம்

ஆரம்பத்தில் நான் அனுப்பிய கடிதம் இப்படி இருந்தது:

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் தளத்தின் தீவிர வாசகி நான். தங்கள் சேவை மகத்தானது. என் கட்டுரைகளைத் தங்கள் தளத்தில் வெளியிட வாய்ப்பளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதைப் படிக்கும் ஆசிரியருக்கு என்ன தெரிகிறது? ஒன்றுமே தெரியவில்லை. எதைப் பற்றி, எவ்வளவு, எப்போது, நான் யார் என்று எல்லாவற்றையும் அவரே திருப்பிக் கேட்க வேண்டும். தமிழ்த் தளங்களை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் உட்கார்ந்து இதைச் செய்கிறவர்கள். கேட்க மாட்டார்கள், விட்டுவிடுவார்கள். யாரும் பதில் போடவில்லை என்று நான் மூன்று மாதம் வருத்தப்பட்டேன். இப்போது யோசித்தால் அவர்கள் மேல் தப்பே இல்லை.

பெற்றோர் தளத்துக்குப் போய் வேலை செய்த கடிதம் இது. பொருள் வரியில் 'கட்டுரை யோசனை: சீருடை தைக்கக் கொடுக்கும்போது கேட்க வேண்டிய நாலு விஷயங்கள்' என்று இருந்தது.

"வணக்கம். போன மாதம் நீங்கள் வெளியிட்ட பள்ளிச் செலவு கட்டுரையின் கீழே, வருஷத்துக்கு இரண்டு முறை சீருடை எடுக்க வேண்டியிருக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நான் திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். தைக்கும்போதே உள்ளே எவ்வளவு துணி விடச் சொல்ல வேண்டும், எங்கே விட்டால் பிறகு பிரிக்க முடியும், துணியை ஏன் நனைத்துவிட்டு வெட்ட வேண்டும் என்று பெற்றோருக்குப் புரிகிற மாதிரி 800 சொற்களில் எழுதித் தருகிறேன். நானே எடுத்த ஐந்து படங்கள் இருக்கின்றன. இது வேறெங்கும் வந்ததில்லை. மே 10-க்குள் அனுப்பினால் பள்ளி திறக்கும் முன் போட வசதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். என் எழுத்தைப் பார்க்க ஒரு சுட்டி கீழே."

இரண்டு நாளில் பதில் வந்தது. புகழ்ச்சி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் தளத்தைப் படித்திருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது, அது போதும்.

முழுக் கட்டுரையை எழுதி அனுப்புவதா, முதலில் யோசனையை மட்டும் கேட்பதா? இணைய இதழ்களுக்கு முழுக் கட்டுரை, மற்ற தளங்களுக்கு முதலில் யோசனை. தளத்தில் 'படைப்புகள் அனுப்ப' என்ற பக்கம் இருந்தால் அதில் சொன்னபடி செய்யுங்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் வரவில்லையென்றால், 'வேறு இடத்துக்கு அனுப்பிக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். அந்த ஒரு வரி முக்கியம். நான் எழுதாமல் விட்டேன். பதில் சொல்லாத தளம் ஆறு வாரம் கழித்துத் திடீரென்று என் கட்டுரையை வெளியிட்டது, அதே வாரம் இன்னொரு தளத்திலும் அது வந்தது. இரண்டு ஆசிரியர்களிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் சிரித்துவிட்டு விட்டார், இன்னொருவர் அதன் பிறகு எனக்குப் பதில் போட்டதே இல்லை.

எழுதும்போது

உங்களிடம் இருப்பதில் நல்லதைக் கொடுங்கள். 'நம் தளத்துக்கு நல்லதை வைத்துக்கொள்வோம், வெளியே சுமாரானதைக் கொடுப்போம்' என்று கை தானாகவே கஞ்சத்தனம் பண்ணும். விருந்தாளியாகப் போகும் வீட்டுக்கு அழுகின பழத்தையா வாங்கிப் போவோம்?

தொடக்கத்தில் பள்ளிக்கூடக் கட்டுரை வாசனை வரக் கூடாது. என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "உணவு, உடை, உறைவிடம் ஆகிய மூன்றும் மனிதனின் இன்றியமையாத் தேவைகள். ஆதிமனிதன் இலைதழைகளை உடுத்தினான்." ஆதிமனிதனிடமிருந்து ஜூன் மாதச் சீருடைக்கு வந்துசேர எனக்கு மூன்று பத்தி பிடித்தது. திருத்தியபின்: "ஜூனில் ஷூவைத் தொட்டுக்கொண்டிருந்த பேன்ட், பொங்கல் லீவு முடிந்து போகும்போது நாலு விரல் மேலே ஏறியிருக்கும்." பிள்ளை வைத்திருக்கிற யாரும் அடுத்த வரியைப் படிப்பார்கள்.

உள்ளே ஒரு இடத்திலாவது வாசகர் கையோடு செய்து பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும். சீருடைக் கட்டுரையில் நான் கடைக்காரரிடம் சொல்ல வேண்டியதை வார்த்தை வார்த்தையாக எழுதினேன்: "அண்ணே, கால் மடிப்புல ரெண்டு இஞ்ச் உள்ள விடுங்க, இடுப்புக்குப் பின் தையல்ல ஒரு இஞ்ச் விடுங்க, அதை ஓவர்லாக் போட்டுக் கொடுங்க, வெட்டிறாதீங்க." பல பேர் இந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். நான்கு பத்தியில் துணியின் இயல்பை விளக்கியிருந்தேன், அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

எழுத்தை, எந்தக் கணினியிலும் போனிலும் சரியாகத் தெரிகிற யூனிகோடில் அனுப்புங்கள். பழைய டிடிபி ஆட்களிடம் தட்டச்சு செய்தால் பாமினி போன்ற எழுத்துருவில் வரும், அந்தப் பக்கம் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். கூகுள் டாக்ஸில் எழுதிப் பகிர்வதே எல்லோருக்கும் சுலபம். பிழை பார்க்க, நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் நிரலாளர் உருவாக்கிய வாணி திருத்தி இருக்கிறது, சந்திக்கு அவருடைய நாவி. இரண்டும் இலவசம். அவை சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டியதில்லை, வட்டாரச் சொற்களைப் பிழை என்று காட்டும். ஆனாலும் ஒற்றுப் பிழை மலிந்த கட்டுரையை ஆசிரியர் மேசைக்கு அனுப்புவது, நூல் தொங்கும் ரவிக்கையை வாடிக்கையாளரிடம் நீட்டுவது மாதிரி.

படங்கள் நீங்களே எடுத்ததாக இருக்கட்டும். இல்லையென்றால் விக்கிமீடியா காமன்ஸ் போன்ற இடத்திலிருந்து, உரிம நிபந்தனையைப் பார்த்து, எடுத்தவர் பெயரோடு. கூகுள் படத் தேடலில் வந்ததைச் சுட்டு அனுப்பினால் பின்னால் சிக்கப் போவது தளக்காரர்தான், உங்களை மறுபடி கூப்பிட மாட்டார்.

எழுதியதைத் திருத்துவார்கள். தலைப்பை மாற்றுவார்கள், பத்தியை வெட்டுவார்கள். அதற்கெல்லாம் முகம் சுளிக்க வேண்டாம், பெரும்பாலும் நல்லதற்கே. தகவல் மாறினால் மட்டும் விடாதீர்கள். 'லைனிங் துணியை நனைத்துக் காயவைத்து அயர்ன் செய்தபின் வெட்டுங்கள்' என்று நான் எழுதியதை ஒரு தளத்தில் சுருக்குகிறேன் பேர்வழி என்று 'வெட்டியபின் நனைத்துக் காயவைத்து' என்று ஆக்கிவிட்டார்கள். வெட்டிய துணி சுருங்கினால் அளவு என்ன ஆகும்? கீழே ஒரு டெய்லர் அண்ணன் என்னைக் கிழி கிழியென்று கிழித்திருந்தார். அவர் சொன்னது சரிதான், திட்டு வாங்கியது என் பெயர். அதிலிருந்து, வெளியிடும் முன் இறுதி வடிவத்தை ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களைப் பற்றி இரண்டு வரி, ஒரு சுட்டி

கட்டுரையின் நடுவில் உங்கள் தளத்துக்கு ஏழு சுட்டி கொடுக்காதீர்கள். ஒன்று கொடுக்கலாம், அதுவும் அந்த இடத்தில் வாசகருக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால். மற்றதெல்லாம் கடைசியில் வரும் குறிப்பில்.

அந்தக் குறிப்பைப் பலர் பட்டப்பெயர் வரிசையாக்கிவிடுகிறார்கள்: தையல் கலைஞர், எழுத்தாளர், சமூக ஆர்வலர், தன்னம்பிக்கைப் பேச்சாளர். வாசகருக்கு அதனால் என்ன? என்னுடையது: "திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறார். அளவு ரவிக்கை இல்லாமல் வீட்டிலேயே அளவெடுக்கும் முறையைப் படங்களோடு இங்கே விளக்கியிருக்கிறார்." 'இங்கே' என்பது முகப்புப் பக்கத்துக்குப் போகாது, நேராக அந்த ஒரு பக்கத்துக்குப் போகும். முகப்புக்கு அனுப்புவது, விலாசம் கேட்டவரிடம் 'திண்டுக்கல்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது போல.

சுட்டி பற்றி இன்னொன்று. தேடலில் மேலே வருவதற்காகவே ஊரெல்லாம் கெஸ்ட் போஸ்ட் போட்டுச் சுட்டி சேர்க்கும் தந்திரம் ஒரு காலத்தில் ஓடியது. கூகுளில் தேடல் குப்பையைக் களையும் குழுவின் தலைவராக இருந்த மேட் கட்ஸ், 2014 ஜனவரியில், சுட்டிக்காக இதைச் செய்கிறீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். புதிய வாசகர்களைச் சென்றடைவதற்காக எழுதுவதை அவர் குறை சொல்லவில்லை. இப்போது பல தளங்கள் வெளிச் சுட்டிகளுக்கு 'நோஃபாலோ' என்ற அடையாளம் வைக்கின்றன. இந்தச் சுட்டியைச் சிபாரிசாக எடுத்துக்கொள்ளாதே என்று தேடுபொறிக்குச் சொல்வது அது, 2005-லிருந்து இருக்கிறது. காசு வாங்கிப் போட்ட சுட்டிக்கென்று 2019-இல் தனி அடையாளமும் வந்தது. நோஃபாலோ வைத்தார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். மனிதர்கள் அதைத் தட்டி வருவதை அது தடுப்பதில்லை.

உங்கள் தளம் கொஞ்சம் வளர்ந்தால், 'உங்கள் தளத்தில் எங்கள் கட்டுரையைப் போடுங்கள், பணம் தருகிறோம்' என்று ஆங்கிலத்தில் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். பெரும்பாலும் கடன் செயலி, சூதாட்டம். அழித்துவிடுங்கள்.

பணம் என்றதும் நினைவுக்கு வருகிறது: தமிழில் பெரும்பாலான தளங்கள் சன்மானம் தருவதில்லை. தருமா என்று நேராகக் கேட்பதில் தவறில்லை, எழுதுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அதோடு, கொஞ்ச நாள் கழித்து இதே கட்டுரையை என் தளத்தில் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். பலர் ஒரு மாதம் போகட்டும் என்பார்கள். போடும்போது முதலில் எங்கே வந்தது என்று சுட்டியோடு சொல்லுங்கள். உங்கள் தளத்தில் வசதி இருந்தால் 'கேனானிக்கல்' என்ற இடத்தில் மூல முகவரியைக் கொடுத்துவிடுங்கள், எது அசல் என்று தேடுபொறிக்கு அது ஒரு குறிப்பு.

வெளிவந்த பிறகு

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். கட்டுரைக்கும் அதே கணக்கு. முதல் மூன்று நாள் அந்தப் பக்கத்துக்கு அடிக்கடி போய்ப் பாருங்கள். கேள்வி கேட்டவருக்கு அங்கேயே முழுப் பதில் சொல்லுங்கள். 'என் தளத்தில் எழுதியிருக்கிறேன், வந்து படியுங்கள்' என்று இழுக்காதீர்கள். நல்ல பதில் கிடைத்தவர் தானே தேடி வருவார்.

ஃபேஸ்புக்கில் பகிரும்போது அந்தத் தளத்தின் சுட்டியைப் பகிருங்கள். முழுக் கட்டுரையையும் அள்ளி ஃபேஸ்புக்கில் ஒட்டும் பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. இடம் கொடுத்தவருக்கு ஒரு வாசகர்கூடப் போகாமல் செய்துவிட்டு, அடுத்த கட்டுரையையும் போடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

பலன் தெரிந்ததா என்று பார்க்க, ஒவ்வொரு தளத்துக்கும் கொடுக்கும் சுட்டியின் வாலில் அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லும் யூடிஎம் குறி ஒன்றைச் சேர்த்துவிட்டால், வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸில் எங்கிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று தனித்தனியாகத் தெரியும். அது சிக்கலாக இருந்தால் ஒவ்வொரு தளத்துக்கும் தனி வரவேற்புப் பக்கம் வைத்து எண்ணுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் சேனலில் சேர்ந்தார்கள், யார் எழுதினார்கள் என்பதையே நான் பார்க்கிறேன்.

எவ்வளவு எழுதுவது? சமூக ஊடகப் பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வெளியிட உதவும் பஃபர் நிறுவனத்தின் இணை நிறுவனர் லியோ விட்ரிச், ஒன்பது மாதத்தில் சுமார் 150 கட்டுரைகளை அடுத்தவர் தளங்களில் எழுதியே ஒரு லட்சம் பயனர்களைச் சேர்த்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆரம்பக் கட்டுரைகளால் பெரிதாக யாரும் வரவில்லை என்றும் சொல்லியிருக்கிறார், அதைத்தான் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அவர் அதையே வேலையாக எடுத்துச் செய்தவர். கடை, வீடு, சொந்தத் தளம் எல்லாம் பார்த்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒன்று தாராளம். புதுப்புது இடமாக ஓடுவதைவிட, ஒத்துப்போன தளத்தில் இரண்டாவது, மூன்றாவது கட்டுரை எழுதுவது நல்லது. முதல் கட்டுரையில் பெயரைக் கவனிக்காதவர்கள் மூன்றாவதில் 'அட, அந்தச் சீருடை அக்கா' என்பார்கள்.

கணக்கு எழுத நான் வைத்திருப்பது கடையில் அளவு குறிக்கிற அதே நீளநோட்டுதான். எந்தத் தளம், எந்த யோசனை, அனுப்பிய தேதி, பதில், வெளிவந்த தேதி என்று ஐந்து கட்டம். பதில் கட்டம் காலியாக இப்போது நாலு வரி இருக்கிறது. அதில் இரண்டுக்கு வெள்ளிக்கிழமையோடு இரண்டு வாரம் முடிகிறது, கடை சாத்தியதும் நினைவூட்டல் எழுத வேண்டும்.